வெள்ளைக்குக் கீழே

காற்று எங்கள் ஊரில் நகராட்சி ஊழியன் அல்ல,
ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறது.
புந்தா அரெனாஸின் சரளைச் சாலைகளில்
முன்னே போன லாரிகள் எறிந்த கற்கள்
என் வெள்ளைக் காரின் மூக்கைப்
பதினேழு இடத்தில் கொத்தியிருந்தன.
எண்ணியவள் நெவென்கா.
"அம்மைத் தழும்பு மாதிரி.
சனிக்கிழமை வாங்க வருகிறவன்
தழும்புக்கு இவ்வளவு என்று கழிப்பான்."

கதவிடுக்குத் தகட்டிலிருந்த நிற எண்ணைக்
கண்ணாடி போட்டுப் படித்து
சாந்தியாகோவுக்கு எழுதினேன்.
பத்தாம் நாள் வந்து சேர்ந்தது
நகப்பூச்சு அளவில் ஒரு புட்டி.
கறுப்பு.

கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.
அந்தப் பெண் இலக்கம் இலக்கமாகத்
திரும்பப் படித்துக் காட்டினாள்.
"எண் சரி ஐயா,
வண்டிதான் தப்போ என்னவோ."

தகரக் கொட்டகையில்
சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து,
நனைத்த உப்புத்தாளால்
துருவின் ஓரத்தை மெல்லத் தேய்த்தேன்.
வெள்ளை பாலாக வழிந்தது.
பிறகு சாம்பல்.
அதற்கும் அடியில்
கறுப்பு.

சாயம் வெளுத்தது என்பார்கள்.
எனக்கு வெள்ளை கறுத்தது.

ஏணி போட்டுக் கூரையையும் சுரண்டினேன்.
மஞ்சள்.
கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை:
இந்த நாட்டில் பால்குடிக்கும் தெரியும்
அது எந்த வண்டி என்று.

என் சகலை எலியாசர்
விற்கும்போது நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்:
"ஒரே கை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அம்மாள்.
பூசைக்கு மட்டும்தான் எடுப்பார்."
கிலோமீட்டர் முள்ளுக்கும்
அவனே வெள்ளை பூசியிருப்பான்.

எட்டு வருடத்தில் முதல் முறையாகப்
பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன், பயணியாக.
விமான நிலையத்துக்கு, பிரசவத்துக்கு,
சில்லறை இல்லையென்ற சண்டைக்கு
எத்தனை பேர் இங்கே.
முன் சீட்டின் முதுகில்
முழங்கால்கள் தேய்த்த பளபளப்பு.
இதுநாள் வரை அதை
என் மகளுடையது என்றே நினைத்திருந்தேன்.

ஃப்ரிட்ஜுக்கு வாங்கிய வெள்ளை எனாமலை
நெவென்கா கொண்டுவந்து வைத்தாள்.
தூரிகையால் தொட்டால் பரு எழும்பும்.
பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி போதும்,
குழி தானே குடித்துக்கொள்ளும்.
காத்திரு. இன்னொரு துளி.
எட்டு டிகிரிக் குளிரில் எதுவும் காயாது;
அவளுடைய ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு
காருக்குத் தலை உலர்த்தினேன்.
துளிக்கு ஒரு முறை எலியாசரைத் திட்டினேன்.
பத்தாவது துளியில் உறைத்தது,
என் விரலிடுக்கில் இருப்பது
அவனுடைய குச்சி.

கூரையில் மட்டும் விட்டுவைத்தேன்,
பருப்பளவு மஞ்சள்.
நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
வருகிறவன் குள்ளமாக இருந்தால் தெரியாது
என்றொரு கணக்கும் உள்ளே ஓடியது.

வந்தவன் ஆறடி இரண்டங்குலம்.
மீன் ஆலை ஜாக்கெட், பெயர் ரிகோபெர்தோ.
குனிந்து மூக்கைத் தடவினான், "சுத்தமான வேலை" என்றான்,
நிமிர்ந்தான்.
விரல் மஞ்சளில் போய் நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள்
"டாக்ஸி" என்றாள் நெவென்கா
சமையலறை ஜன்னலிலிருந்து.
"எங்களுக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

மூன்று லட்சம் பெசோ குறைத்தோம்.
வெள்ளைப் புட்டியை ஃப்ரிட்ஜுக்கென்று
அவள் எடுத்துக்கொண்டாள்.
கறுப்பை அவனிடம் கொடுத்தேன்,
மூடி திறக்காதது,
அந்த வண்டியின் எண்ணுக்குச் சரியானது.