லகுகலையில் ஒரு மூலை

பொத்துவில் சந்தியில் மேற்கே கிறுகினோம், மோட்டார்சைக்கிளில்.
இருபத்திரண்டு வருசம் இதே தெருவால்
மொனராகலைக்கு மேசன் வேலைக்குப் போய்வந்தவர்
ஒருநாளும் இறங்கிப் பார்க்கவில்லை.
“பாக்க என்ன கிடக்கு? கூரையில்லாத வீடு.”
“நீங்க கட்டினதுகள் எல்லாத்துக்கும் கூரை போட்டாச்சோ?”
என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.
அதுக்குத்தான் பிறேக் அடித்தார்.

அரசன் கல்யாணம் கட்டிய இடம்,
என்றான் ஐஸ்பழக்காரன்,
கால்வாசித் தமிழில், முழு நம்பிக்கையில்.
அவன் நீட்டிய கையோடு பார்த்தோம்:
அது குசினி. இது ஆட்டம் பார்க்கிற சாலை.
அந்தா நாவல் நிற்குதே,
அதிலிருந்து ராணியின் பூந்தோட்டம்.

குசினியில் காஞ்சோன்றி.
சாலையில் ஒரு பசு படுத்து அசைபோட்டது.
பூந்தோட்டம் முழுக்க யானை லத்தி,
ஒன்றின் நடுவே
இரண்டு இலையோடு விளாத்திக் கன்று.

செருப்பைக் கழற்றிவிட்டுச்
சுட்ட கல்லில் நான் கூத்தாடினேன்.
அவருக்குச் சீமெந்து தின்ற பாதம்.
ராணியின் அறையை அடிமேல் அடிவைத்து அளந்தார்.
பதினொன்றுக்கு ஒன்பது.
நம்பாமல் மறுகாவும் அளந்தார்.
“நம்மட அறைதான்கா இது.
நமக்கு ஜன்னல் ரெண்டு.”
பாவம்,
அலுமாரியை எங்கே வைத்தாளோ.

பிறகு ஒரு மூலையில் குந்தினார்.
சாந்தில்லாமல் கல்லோடு கல் இருந்த மூலை.
பெருவிரல் நகத்தைப் பொருத்தில் வைத்துத் தள்ளினார்.
போகவில்லை.
வேறொரு விரலால் பார்த்தார்.
பதினேழு வீட்டுத்திட்டம் கட்டிய மனிசன்
ஒன்றும் பேசவில்லை.
ஐஸ்பழம் அவர் முழங்கை வரை ஒழுகிற்று.

வாசற்படியில் அரைவட்டக் கல்,
அதைச் சுற்றி வரிசையாய்ச் சின்ன யானைகள்,
முதுகில் முதுகில் ஒவ்வொரு ஆள்.
எண்ணத் தொடங்கினேன்.
ஆறாவது யானையில் கூப்பிட்டார்கள்,
“அக்கே, பொட்டக் உதவ்.”

கல்யாணச் சோடி, மாத்தறையாம்.
பிரதான சடங்கு வாற மாதம், படம் இன்றைக்கு.
பெண்ணின் நெற்றிப்பட்டி சரிந்து
வியர்வை மைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
படக்காரப் பொடியன் பசிந்து
தட்டுச் சுளகு மாதிரி ஒரு வெள்ளித் தகட்டை
என் கையில் தந்து, சூரியனைக் காட்டினான்.

பிடித்தேன்.
வெயில் என் கையில் விழுந்து கிறுகி
அவள் முகத்துக்குப் போனது.
கொஞ்சம் உயர்த்த, கன்னம்.
கொஞ்சம் பதிக்க, தாலி வராத கழுத்து.
என்ர கல்யாணத்துக்கு எடுத்தது ஒரேயொரு படம்,
பாலர் பாடசாலை மண்டபத்தில்;
அதில் அவர் கண் மூடிக்கிடக்கும்.
அந்த மண்டபத்தில் வெளிச்சம் பிடிக்க
ஆர் நின்றது என்று யோசித்தேன்.
ஆரும் நிற்கவில்லை. கரண்ட் இல்லை.

கை உளைந்தது. விடவில்லை.
பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
அதையும் பசிந்து எடுத்துவிட்டான்.

கைம்மாறாய் எங்களுக்கும் ஒன்று என்றான்.
அவரைக் கூப்பிட்டேன்.
கூப்பிட்டேன்.
மூலையை விட்டு ஒழும்பி வந்து
சேட்டை இழுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.
“கண்ணை மூடாதீங்க.”
“நான் எப்ப மூடினன்?”

குளத்தடியில் பின்னேரம்
யானைகள் இறங்கி நின்றன, தண்ணியில் வயிறு முட்ட.
முதுகில் ஆளில்லை, கொக்குத்தான்.
பார்த்துக்கொண்டே தம்பிலுவில் வந்து சேர்ந்தோம்.

மூன்று கிழமை கழித்துப் போனில் வந்தது படம்.
கண் திறந்துதான் இருக்கிறது.
ஆனால் கமராவைப் பார்க்கவில்லை,
என்னையும் பார்க்கவில்லை:
என் தோளுக்கு அங்கால்
அந்த மூலையை.

இப்போது
குசினிச் சுவரைப் பாதியில் இடித்து வைத்திருக்கிறார்.
கேட்டால், மட்டம் பிழையாம்.