கண்ணாடி இல்லாத கண்

இந்தக் கேமராவுக்கு லென்ஸ் இல்லை.
முன்னால் காவலுக்கு ஒரு கண்ணாடிகூட இல்லை.
விரற்கடைக் காற்றுக்கே அவிந்துபோகும் ஒளி அது,
கண்ணாடி அதற்குக் கோட்டைச் சுவர்.
அதனால் சென்சரை அம்மணமாகவே
வெற்றிடத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.
விலையைக் கேட்ட ஆடிட்டர்
கோட்டையூரில் இரண்டு வீடு வாங்கலாமே என்றார்.

நான்கு நாளாக அழுத்தம் இறங்கவில்லை.
சேவுகன் பம்பின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு
"இது ஒழுங்காத்தான் சுத்துது மேடம்" என்கிறான்,
என் மேல்தான் சந்தேகம் என்பதுபோல.

எஞ்சிய வாயுக்களின் வரைபடத்தில்
பதினெட்டாம் எண்ணில் ஒரு முள்: தண்ணீர்.
சம்பை ஊற்றுத் தண்ணிக்காகக்
குடம் கட்டி சைக்கிள் மிதித்த ஊர் இது.
இங்கே நான் ஒருத்தி
எஃகின் உள்தோலில் ஒட்டிக்கொண்ட
கடைசித் துளியைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

சூட்டு நாடாவும் அலுமினியத் தாளும் சுற்றியதில்
எந்திரம் முழுக்க பஸ் ஸ்டாண்டு பிரியாணிப் பொட்டலம்.
கேமராவுக்கு மட்டும் ஐம்பது டிகிரிக்கு மேல் ஆகாது,
அதன் பக்கத்தில் இரவெல்லாம் நான்.
கானாடுகாத்தான் பக்கம் இடி உறுமியது.
ஒரே ஒருமுறை விளக்கு சிமிட்டியது.
யு.பி.எஸ். பிடித்துக்கொண்டது.
நான் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை,
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்தபோது தண்ணீரின் முள் சாய்ந்திருந்தது.
இருபத்தெட்டும் முப்பத்திரண்டும் நிமிர்ந்து நின்றன.
காற்று.
எங்கோ ஒழுகுகிறது.

மெஹருன்னிசா ஹீலியம் குழாயை
மூட்டு மூட்டாக நகர்த்தினாள்,
குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று
தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல.
ஏழாவது மூட்டில் கருவி கத்தியது.

கழற்றினோம்.
செம்பு வளையத்தின் குறுக்கே
ஒரு தலைமுடி.
பாதி கருப்பு, பாதி நரை.
தொப்பி போடு, கையுறை போடு என்று
பதினாறு வருஷமாக எல்லோரையும் வைதவள் நான்.
அந்த அறையில் நரைத்தது என் தலை மட்டும்தான்.
சேவுகன் ஜன்னலுக்கு வெளியே
அவசரமாக எதையோ பார்த்தான்.

புது வளையம். மறுபடி பொட்டலம். மறுபடி மூன்று நாள்.
பிறகுதான் குளிரூட்டலைப் போட்டோம்.
முந்தினால் சென்சர்மேல் பனி படிந்துவிடும்.
மைனஸ் அறுபது.
வெளியே நாற்பத்தொன்று,
டீக்கடையில் ஐஸ் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

முதலில் இருட்டைப் படம் எடுக்க வேண்டும்.
ஷட்டர் மூடியபடி பத்து நிமிடம்.
அதிலும் ஒரு வெள்ளைப் புழு நெளிந்திருந்தது:
கூரை, கான்கிரீட், எஃகு எல்லாம் துளைத்து
வானத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று.
முடிக்கு அழும் எங்கள் கதவுகளை
அது தட்டக்கூட இல்லை.

அப்புறம் ஒளியைத் திறந்தோம்.
நானூறு முறை ஏற்றி இறக்கிய
பேட்டரித் தகட்டின் சீவல்
திரையில் மெல்ல ஊறி வந்தது.
சாம்பலுக்குள் சாம்பல், நடுவே விரிசல்கள்.
"வெடிச்ச கண்மாய் மாதிரி இருக்கு மேடம்!"
"மாதிரியெல்லாம் அப்புறம். அளவுகோல் போடு."

போட்டாள்.
ஒரு மைக்ரான்.

அந்த முடியை நான் எறியவில்லை.
குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில்
டேப் போட்டு ஒட்டி,
கீழே எழுதினேன்:
கசிவு, ஏழாவது மூட்டு.
காரணம்: சி. உமையாள்.