தேத்தாங்கொட்டை

கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில்
கால் கிலோ வாங்கினேன்.
பாதி பானைக்கு, பாதி மண்ணுக்கு.

கொட்டாம்பட்டி மணல்காட்டில்
ஊன்றியது நாற்பத்தொன்று,
முளைத்தது ஆறு,
ஆட்டுக்கு ரெண்டு போக
நாலு.

"காய்க்க எத்தனை வருசம்?"
கடன் மனுவைப் புரட்டிய ரெபேக்கா மேடம்
பதிலுக்குக் காத்திராமல்
முந்திரி என்று எழுதிக்கொண்டார்.

மூணு வருசமாக முழங்கால் உயரம்தான்.
பட்டுப்போன ஒன்றைத்
தோண்டப் போய்த்தான் தெரிந்தது:
வேர் என்னைவிட நெட்டை.

வியாழக்கிழமை லாரித்தண்ணி
செங்கல் கரைத்த நிறத்தில் வரும்.
பானையின் உள்வயிற்றில்
கொட்டையை உரசிவிட்டுப் படுத்தால்
விடியும்போது
அடியில் என் விரல்ரேகை தெரியும்.

மேல்நீர் எங்களுக்கு.
வண்டல்
மிச்சமிருக்கும் மூணு கன்றுக்கு.

குடி.
உன் அக்காள் தேய்ந்து தேய்ந்து
இறக்கிவைத்த மண்தான்.