பூச்சியத்தைத் தட்டும் விதம்

உட்துறைமுக வீதி அலுவலகத்தின் இரண்டாம் மாடி.
வயரில்லாத கீபோர்ட் ஒன்றைப்
பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.
அதற்குத் திரை இல்லை.
மடியில் கை வைத்து எதிரே இருந்த
புவனலோஜினிக்குத் திரையால் பயனில்லை.
வாசித்துச் சொல்லும் குரலை
அந்தக் கணினியில் இன்னும் ஏற்றவில்லை.

அவள் வேலை கேட்டு எழுதுவது.
ஒலிப்பதிவில் வருகிற வாக்குமூலங்களை
நாள் முழுக்கத் தட்டச்சு செய்வது.
பேசுகிறவர்கள் பெயர் வருகிற இடத்தில் மட்டும்
குரலைத் தாழ்த்துவார்களாம்.
"நான் அடிக்கிற எழுத்தெல்லாம்
இனிக் காற்றில போகப்போகுது, என்ன?"
ஓம் என்றேன்.
"காற்று ஆருடையது?"

பயிற்சி வகுப்பில் இதற்குப் பதில் தரவில்லை.
நடுவில் ஒருவன் நிற்கலாம் என்றுதான் சொன்னார்கள்.
கணினியிடம் நான்தான் கீபோர்ட் என்பான்,
கீபோர்டிடம் நான்தான் கணினி என்பான்,
இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக
வந்ததை வாசித்துவிட்டு அப்படியே அனுப்புவான்.
ஒன்றும் தொலையாது.
அதனால்தான் ஒருவருக்கும் தெரியாது.

திரையில் ஆறு இலக்கம் வந்தது.
பார்த்து அதை கீபோர்டில் அடிக்க வேண்டும்,
அவ்வளவுதான் சடங்கு.
அடுத்த மேசை நௌபர் உதவுகிற மனசோடு
எட்டிப் பார்த்து உரத்து வாசித்தார்:
ஐந்து, ஐந்து, ஒன்று...
ஜன்னலுக்குக் கீழே இளநீர் வெட்டுகிறவருக்கு,
கையெழுத்துக்காகப் படியில் நின்ற பத்துப் பேருக்கு,
வாசலில் வாழைத்தோல் தின்ற மானுக்கு,
எல்லாருக்கும் கேட்டது.
அவள் விரலை அசைக்கவில்லை.
முப்பது விநாடியில் இலக்கம் தானாக அழிந்தது.
"சொன்ன எண் வேண்டாம். வேற எடுங்கோ."

பிறகு இடது உள்ளங்கையை நீட்டினாள்,
மருதாணிக்கு நீட்டுகிற மாதிரி அல்ல,
பஸ்ஸில் மீதிக்காசு கேட்கிற மாதிரி.

நாலு தட்டினேன். வலது கை நாலை அடித்தது.
ஒன்று.
ஏழு, எண்ணிக்கை பிசகாமல்.
அடுத்தது பூச்சியம்.

பூச்சியத்தை எப்படித் தட்டுவது?
பத்துத் தரம் தட்டினால் ஒன்பதோ என்று குழம்புவாள்.
வட்டம் கீறலாம்; கூச்சமாக இருந்தது.
நேரம் போய்க்கொண்டிருந்தது.
விரலை அவள் கைக்கு மேலே, தொடாமல்,
ஓர் அரிசி உயரத்தில் பிடித்தேன்.
மின்விசிறி சுற்றியது.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி முடித்தது.
தலையைச் சரித்தாள்.
பூச்சியத்தை அடித்தாள்.

இரண்டு. ஆறு. என்டர்.

அந்த ஆறு இலக்கத்தைச் சாட்சி வைத்து அவை இரண்டும்
தங்களுக்குள் நீண்ட சாவி ஒன்று செய்துகொண்டன.
அது எனக்குத் தெரியாது.
அவளுக்கும் தெரியாது.
நௌபர் தேநீருக்குப் போயிருந்தார்.

பெட்டியில் ஒரு மவுஸும் கிடந்தது.
திரையும் இல்லை, இலக்கம் அடிக்க விசையும் இல்லை.
ஆர் வந்து கேட்டாலும்
ஓம் என்று கூடப் போகும் சாமான்.
விளக்கினேன். கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்:
"அதைக் கொண்டு போங்கோ.
அப்பிடி ஓம் சொல்லிப் போனவையின்ர பெயரைத்தான்
இஞ்ச இருந்து அடிச்சுக்கொண்டிருக்கிறன்."

மூன்று கிழமை கழித்து பஸ் நிலையத்தில் கண்டேன்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
வெள்ளைத் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கையை நீட்டினாள்.
நாலு தட்டினேன். ஒன்று. ஏழில் பாதி...
"அது அண்டைக்கே செத்த எண்," என்றாள்.
கையை இழுக்கவில்லை.

கிண்ணியா, கிண்ணியா என்று கத்தினான் கொண்டக்டர்.
விரலை எடுத்து
ஓர் அரிசி உயரத்தில் பிடித்தேன்.
பஸ் பின்வாங்கத் தொடங்கியது.
அவள் தலையைச் சரித்தாள்.