பில் எண் 47

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்.
குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்.
மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார்,
பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் தாளில்
தமிழில் எச்சரிப்பது நான்தான்.
வார்த்தைக்கு ஒண்ணேகால் ரூபாய்.
யாரும் படிப்பதில்லை என்று எனக்கும் தெரியும்.

முதல் வருஷம் வேலைக்கு நேரம் காலமே இல்லை.
தூங்கா நகரம், தூங்கா நகரம் என்று சொல்லியே
தூங்காமல் கெட்டேன்.
ராத்திரி ஒன்றரைக்குத் தம்பியை எழுப்பி
சிம்மக்கல் வீரணன் கடையில் நாலு இட்லி.
இரண்டரைக்கு, "இதோ அனுப்பிவிட்டேன் சார்."
அனுப்பியதில் ஒரு வரி:
ஓடும்போது மூடியைத் திறக்கவும்.
'திறக்காதீர்' எங்கே போனதென்று தெரியவில்லை.
அச்சுக்குப் போகுமுன் பிடித்துவிட்டார்கள்.
பிடித்தவர்கள் அப்புறம் கூப்பிடவே இல்லை.

ஒரு நாள் பகல் பதினொன்றுக்கு அந்தப் பக்கம் போனேன்.
ஷட்டர் இறங்கிப் பூட்டியிருந்தது.
"அண்ணே தூங்குது. நாலுக்குத்தான் எந்திரிக்கும்"
என்றார் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்.
அப்போதுதான் உறைத்தது.
ஊர்தான் தூங்குவதில்லை.
ஊருக்குள் இருக்கிற ஆளெல்லாம்
முறை வைத்துத் தூங்குகிறார்கள்.
நான் ஒருத்தி
எல்லா ஷிப்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்பதேகாலுக்கு உட்காருகிறேன்.
ஒன்பதுக்கு காம்பவுண்டில் மோட்டார் போடுவார்கள்,
அது நிற்க வேண்டும்.
வீட்டுக்குள்ளேயே செருப்பு போட்டுக்கொண்டுதான் வேலை.
அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.
செருப்புக் காலோடு அடுப்பங்கரைக்குள் போக முடியாது;
போகாதவளைத் தோசை ஊற்ற
யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மாதம் ஒரு செவ்வாய்
பராமரிப்பு என்று கரண்டை எடுத்துக்கொள்கிறார்கள்.
அன்றைக்கு நோட்டில், பேனாவால், கணக்கு.
பத்தாயிரம் வந்தால் ஆயிரம் தொடாத பணம்.
சித்திரையில் ஊரே அழகரைப் பார்க்கப் போகும்,
எனக்கு வேலை வராது,
ஆயிரங்கள் அப்போது சோறு போடும்.

சிலிண்டர்தான் கடைசிவரை அடங்கவில்லை.
ஆறு வீட்டு கேஸ் புத்தகமும் என் மேஜையில்.
"நீ வீட்ல சும்மாதானம்மா இருக்க."
ஜெபராணி டீச்சர் குரலில் குத்தல் இல்லை.
அதுதான் சிக்கல்.
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.
மூன்று நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து
ஐந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
டீச்சருடையது மட்டும் இங்கேயே இருக்கிறது.
அவருக்கு முழங்கால்.

வெள்ளிக்கிழமை மதியம், பில் நேரம்.
மல்லி கிலோ மூவாயிரம் போனாலும் முந்நூறு போனாலும்
மாட்டுத்தாவணியில் கைமேல் காசு.
எனக்கு நாற்பத்தைந்து நாள் என்பார்கள்,
அது எழுபதாகும்.
கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிக்கு எழுதினேன்:
சிரமத்துக்கு மன்னிக்கவும்,
தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது
ஒரு சின்ன நினைவூட்டல்.
'மன்னிக்கவும்' போனது.
'நேரம் கிடைக்கும்போது' போனது.
'சின்ன' மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது.
மிஞ்சியது இவ்வளவு:
பில் எண் 47. பதினெட்டாயிரத்து நானூறு.
கெடு தாண்டி இருபத்தாறு நாள்.
படித்துப் பார்த்தேன்,
ஈரக் கையால் தொடாதீர் மாதிரியே இருந்தது.
அதுதானே நம் தொழில். அனுப்பினேன்.

பணம் இன்னும் வரவில்லை.

ஆறு மணிக்கு மூடி வைத்து
செருப்பைக் கழற்றி வாசலில் விடும்போது
படியில் டீச்சர்.
"என்னம்மா, இன்னைக்கு வேலை இல்லையா?"
"முடிஞ்சிருச்சு டீச்சர்."
முடியவில்லை, நூற்றுப் பதினோரு வரி பாக்கி.
இருந்தாலும்
சொல்லிப் பார்த்தேன்.