ஐந்துக்கு ஒன்று

ஆய்வுத் திட்டம் நாலு பக்கம்.
கம்பத்திலிருந்து ஏலக்காட்டுக்கு
ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போகிறார்கள்?
முறை: ஐந்துக்கு ஒன்று.
தொடக்கத்துக்குச் சீட்டுக் குலுக்கினோம், மூன்று விழுந்தது.
ஆக மூன்றாவது ஜீப், எட்டாவது, பதின்மூன்றாவது,
இப்படியே வெளுக்கும்வரை.

காலை நாலரை. கம்பம்மெட்டுச் சாலை.
மைமூனை பைக்கில் கொண்டுவந்து விட்ட அவள் அத்தா
"பத்து மார்க்குக்கா இந்தக் குளிரு?" என்றார்.
"நூறு மார்க்கு அத்தா."
ஒன்றும் பேசாமல் தன் மப்ளரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
இறங்கிப் போனார்.

கொண்டை ஊசியில் ஜீப் முதல் கியருக்கு முனகும்.
அந்த நேரம்தான் எங்களுக்கு.
நான் டார்ச் அடிக்க, மைமூன் எண்ண,
சுகந்தி கோடு கிழிப்பாள்:
நாலு நிறுத்தி, ஐந்தாவது குறுக்கே.
பின்படியில் தொங்குகிறவரைச் சேர்ப்பதா என்று சண்டை.
சேர்த்தோம்.
ஒருத்தி மடியில் ஒருத்தி இருந்தாள்;
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் நாள் சராசரி பதினேழு புள்ளி இரண்டு.

ஒரு டிரைவர் தலையை நீட்டி,
"ஆளை எண்ணாதீங்கம்மா, ஆகாது" என்றார்.
பிற கருத்துகள் என்ற இடத்தில்
சுகந்தி அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் பதினான்கு.
மூன்றாம் நாள் பதினொன்று.
சிதறல் அடங்கி, கோயில் மணியைக் கவிழ்த்ததுபோல்
வரைபடம் அழகாக நின்றது.
சார் சந்தோஷப்பட்டார்.

நாலாம் நாள் மைமூனுக்கு வயிற்றைக் கலக்க
ஒரு வளைவு கீழே இறங்கினோம்.
அங்கே வரிசையாக, விளக்கணைத்து, ஜீப்புகள்.
தூக்குவாளியும் கொங்காணியுமாக
பெண்கள் குதித்து இறங்குகிறார்கள்.
ரோட்டோரமாக ஏறி, நாங்கள் நிற்கும் இடம் தாண்டி,
மேல்வளைவில் மறுபடி ஏறிக்கொள்வார்களாம்.
ஆர்டிஓ ஆட்கள் நிற்பதாகப் பேச்சு.

மூன்று நாளாக அவர்களைப் பார்த்திருக்கிறோம்.
கோயிலுக்குப் போகிறவர்கள் என்று நினைத்தோம்.
எங்கள் அலகு ஜீப்;
நடப்பவரை எண்ணச் சொல்லித் திட்டத்தில் இல்லை.

ஒருத்தி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.
"ஏத்தா, ஒங்க கணக்குக்கு நாங்க நடக்கணுமா?"
என்ன சொல்வதென்று தெரியாமல், படிவப் பழக்கத்தில்,
வயதைக் கேட்டுவிட்டேன்.
"போடு, நாப்பது."
அடுத்தவளும் நாற்பது. அதற்கடுத்தவள் நாற்பத்தைந்து.
நாற்பத்தொன்று அந்த மலையில் யாருக்கும் இல்லை.

விடிந்தபின் ஓரச்சேற்றில்
இரண்டு எட்டு நீளத்துக்குக் குச்சி நட்டு
தடங்களை எண்ணினோம்.
ஒன்றின்மேல் ஒன்று மிதிபட்டவை எத்தனையோ.
இடது முப்பத்தொன்று, வலது முப்பத்திரண்டு.
வகுத்தால் முப்பத்தொன்றரைப் பேர்.

"தரவு கெட்டுப்போச்சு, முதல் நாளை மட்டும் வச்சுக்க" என்றார் சார்.
கெட்டது தரவு இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது.
இன்டர்னல் மார்க்கும் கூடவே வந்தது.
தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் நாங்கள் போகவில்லை.

வைவாவில் வெளியூர்த் தேர்வாளர்
முப்பத்தொன்றரையைச் சிவப்பில் வட்டமிட்டு,
"ஆள் பாதியா வருமா?" என்று சிரித்தார்.
பிறகு கடைசி வரிசைக்கு விரலை நகர்த்தினார்.
"இதென்ன, வெறும் கோடு? விடுபட்ட தரவா?"

மப்ளரைத் திருகிக்கொண்டே மைமூன் சொன்னாள்:
"இல்லைங்க சார்.
அன்னைக்கு யாரும் நடக்கல."