ஒண்ணுமில்லீங்க

அதிகாலை மூன்றேகால்.
திரையில் அரவை மோட்டார்: 0.0 ஆம்பியர்.
காதில் அரவை மோட்டார்:
பேசியவருக்கே தன் பேச்சு கேட்காத இரைச்சல்.

வாழப்பாடி தாண்டி, ஆத்தூர் ரோட்டோரம்
சேகோ ஆலை.
வாசலில் எட்டு லாரி குச்சிக்கிழங்கு
மண் உதிராமல் நிற்கிறது.
இரண்டரைக்குத் திரை உறைந்தது.
பதிவுப் பெட்டியை அணைத்துப் போட்டது
நான்தான்.
மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன்,
எலி கடித்த தடம் தேடி
டார்ச்சோடு மண்டியிட்டு.
அப்புறம் சென்சார் முதுகின் அம்புக்குறி:
யாராவது திருப்பி மாட்டிவிட்டார்களோ?
இல்லை. சரியான திசையில்தான் இருந்தது.
திருகுகளை இறுக்கினேன். இறுகியே இருந்தன.
கிளாம்ப் மீட்டரை வயரில் கவ்வவிட்டால் நாற்பத்திரண்டு.
சென்சார் வாயில் மல்டிமீட்டர் வைத்தால்
இரண்டு வோல்ட், பத்து பைசா மாதிரி கொஞ்சம் மேலே.
கணக்குப் போட்டால் அதுவும் நாற்பத்திரண்டு.

சென்சார் பொய் சொல்லவில்லை.
கேட்டு எழுதுகிறவன்தான் வேறெதையோ எழுதுகிறான்.

மூன்றாம் சேனல் வயரை ஐந்தில் செருகினேன்:
42.
மறுபடி மூன்றில்:
0.0.
சரி, மூன்றாம் சேனல் செத்தது என்று
நோட்டில் எழுதிக் கோடும் போட்டாயிற்று.

அப்போதுதான் கிழங்கோடு ஒரு கல் உள்ளே போனது.
செங்கோடன் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார்.
அரவை மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.
திரையில்
–42.0

செத்தது கழித்தல் காட்டாது.

கண் விழிக்கிற நொடியில்
எதிரே எது இருக்கிறதோ
அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது இது.
நாற்பத்திரண்டு ஆம்பியர் பாய்கிற பாய்ச்சலை
ஒண்ணுமில்லை என்று ஒப்புக்கொண்டு
அங்கிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.
இப்போது நிஜமாகவே ஒன்றுமில்லாதபோது
கடன்காரன் மாதிரி நிற்கிறது.

என் காதும் அப்படித்தான்.
எட்டு மாத நைட் ஷிப்டுக்குப் பிறகு
சத்தம் நின்ற இடத்தில் ஒரு பள்ளம்.
அதற்குள் ஒவ்வொன்றாக விழுந்தன:
பால் தொட்டியில் சொட்டும் நீர்,
லாரிக்கடியில் யாரோ புரண்டு படுக்கும் ஓசை,
சேர்வராயன் மலைப் பக்கம்
இருட்டுக்குள் இன்னும் கெட்டியான இருட்டிலிருந்து
ஒரு நாய்.

செங்கோடன் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு
சாக்கின் மேல் உட்கார்ந்தார்.
அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
இடுப்பில் வைத்த கை எடுக்கவில்லை.
"என்னாச்சுண்ணா?"
"ஒண்ணுமில்லீங்க மேடம்."

முதலாளி போனில்.
இங்கே சத்தம் நின்றால்
சேலத்தில் அவருக்கு விழிப்பு வந்துவிடும் போல.
"ஏன் நிக்குது? என்னாச்சு?"
வாய் முந்திக்கொண்டது:
"ஒண்ணுமில்லீங்க."
சொல்லிவிட்டு
என் குரல் எனக்கே கேட்டது.

"இல்லைங்க, இருக்கு," என்றேன்.
"பத்து நிமிஷம் எல்லாமே நிக்கணும்."
அந்தப் பக்கம் கிழங்கின் விலை, லாரி வாடகை,
ஈரம் ஏறினால் மாவு புளிக்கும் கதை.
கேட்டுக்கொண்டே
தண்டு முழுசாக நிற்கிறவரை பார்த்திருந்தேன்,
அது எங்கேயோ இன்னும் ஒரு கால் சுற்று
வைத்திருந்தது.

பெட்டியை அணைத்தேன்.
அறுபது எண்ணினேன்.
போட்டேன்.

0.0
இந்த முறை நம்பினேன்.

அரவை ஓடத் துவங்கியதும்
எண் எகிறி, தடுமாறி, இறங்கி
42.1-இல் உட்கார்ந்தது.
நோட்டில் மூன்றாம் சேனலின் சாவை அடித்தேன்.
ஒட்டுத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதிப்
பெட்டி நெற்றியில் ஒட்டினேன்:
மோட்டார் நின்ற பிறகே இதை எழுப்பவும்.

செங்கோடன் எழுத்துக் கூட்டிப் படித்தார்.
இரைச்சலுக்குள் ஏதோ சொன்னார்,
கேட்கவில்லை.
இடுப்பைக் காட்டினார்.
நாளைக்கு ஆஸ்பத்திரி, என்று கையால் காட்டினார்
என்றுதான் நினைக்கிறேன்.